இரண்டு முட்களும் சேர்ந்து ஏறியபோது: ஸ்பிட்ஃபயருடன் குன்னூரில் ஏழு ஆண்டுகள்

என் பழைய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது, பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில், எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்ப முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. ஓரங்கட்டி பானட்டைத் திறந்தேன். ஸ்பிட்ஃபயரில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே கவிழ்ந்து திறக்கும்; எஞ்சின் மொத்தமும் கண்முன்னே கிடக்கும். ஆவி இல்லை, கொதிக்கும் சத்தம் இல்லை. ரேடியேட்டர் பக்கம் கையைக் கொண்டுபோனால் வழக்கமான சூடுதான்.

இது மூன்றாவது முறை. அதற்குள் ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றியிருந்தார், ரேடியேட்டரைக் கழுவியிருந்தார், அடுத்து எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்று நாள் குறித்திருந்தார். நானும் ஏறக்குறைய சம்மதித்துவிட்டேன். மலையில் இருப்பவனுக்கு இந்த முள்மேல் பயம் அதிகம். ஊட்டி உயரத்தில், சுமார் 2,240 மீட்டரில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தால்தான் வண்டித் தண்ணீர் அடங்கியிருக்கிறது.

அன்றைக்குத்தான் பக்கத்து முள்ளைப் பார்த்தேன். 37 லிட்டர் டேங்கில் பாதிகூடப் பெட்ரோல் இல்லை என்பது எனக்குத் தெரியும். முள்ளோ 'முழு டேங்க்' கோட்டையும் தாண்டி நின்றது.

என்னுடையது 1968ஆம் ஆண்டு மார்க் 3, 1296 சி.சி. மீட்டர்கள் ஓட்டுநருக்கு நேரே இல்லாமல் மரப்பலகையின் நடுவில் இருக்கும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இதற்கு உறவுதான். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலிய கார் வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயரின் சேஸிஸும் ஹெரால்டு சேஸிஸிலிருந்து பிறந்தது. அதனால் ஹெரால்டு ஒயரிங்கில் பழகிய பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஒரு முள் தவறினால் அந்த மீட்டரின் வழியைப் பார் தம்பி. இரண்டும் சேர்ந்து ஏறினால் இரண்டுக்கும் பொதுவானதைப் பார்" என்றார்.

பொதுவானது ஸ்டெபிலைசர். தீப்பெட்டியைவிடச் சிறிய தகரப் பெட்டி. ஸ்பீடாமீட்டரின் முதுகில் ஒரே ஒரு ஸ்குரூவில் தொங்குகிறது. உள்ளே இரட்டை உலோகப் பட்டையும் அதைச் சுற்றிச் சூடேற்றும் கம்பியும் உண்டு. சூடானால் பட்டை வளைந்து தொடர்பு அறும், ஆறினால் மீண்டும் சேரும். இப்படி விட்டு விட்டுப் போவதால் மீட்டர்களுக்குச் சராசரியாக 10 வோல்ட் கிடைக்கிறது. பெட்டிக்கு எர்த் போய்விட்டால் அந்தக் கம்பி சூடாகாது, பட்டை பிரியாது; பேட்டரியின் முழு வோல்ட்டும் இரண்டு மீட்டருக்கும் பாயும், இரண்டு முட்களும் ஏறிக்கொள்ளும்.

பெரியவர் கழற்றிக் காட்டிய ஸ்குரூவின் மரையில் வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு பூத்திருந்தது. ஆடி மாதச் சாரலும் மூடுபனியும் வண்டிக்குள் இதைத்தான் செய்கின்றன. உப்புத்தாளால் தேய்த்து, பெட்டியிலிருந்து பாடிக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்தார். டெஸ்ட் லாம்ப் சீராக அணைந்து அணைந்து எரிந்தது. வெப்ப முள் நடுவில் வந்து நின்றது. அந்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

அது ஐந்து ஆண்டுகளுக்கு முன். இரண்டு மழைக்காலம் கழித்துப் பட்டையே தேய்ந்துபோனதால், அதே பெட்டிக்குள் 7810 என்ற 10 வோல்ட் மின்னணு ரெகுலேட்டரை வைத்துக்கொண்டேன். வெளித்தோற்றம் மாறவில்லை; இன்றுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. என் வண்டி நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியில் இணைந்திருக்கும். பாசிட்டிவ் எர்த் வண்டி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே மாட்டக் கூடாது.

போன வருடம் பெட்ரோல் முள் மட்டும் தனியாக விழுந்தது. சாவியை அணைத்து, டேங்குக்குள் பெட்ரோல் அளவை உணரும் மிதவையின் ஒயரைக் கழற்றி பாடியில் நன்றாக இறுக்கிவிட்டு, பிறகே சாவியைத் திருப்பினேன். முள் மெல்ல ஏறத் தொடங்கியதும் உடனே அணைத்துவிட்டேன். மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, தேய்ந்தது மிதவைச் சுருள் என்று தெரிந்துவிட்டது. சாவி போட்டிருக்கும்போது டேங்க் அருகே ஒயரை உரசவே கூடாது. ஒரு பொறி போதும். வெப்ப சென்சாரை மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றாதீர்கள். சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான். டேப் அதைத் தடுத்தால் முள் குறைத்துக் காட்டும், உண்மையிலேயே கொதிக்கும்போது நமக்குத் தெரியாமல் போகும்.

இப்போது மிச்சம் ஸ்பீடாமீட்டர்தான். உறைபனி விழும் தை மாதக் காலைகளில் வேகம் மணிக்கு 30 மைலைத் தொடும்போது முள் ஆடுகிறது, சூடேறியதும் நின்றுவிடுகிறது. கேபிளின் உள்கம்பியை உருவி, மேல் முனையில் நான்கு விரற்கடை விட்டு மற்ற இடத்தில் லேசாக கிரீஸ் தடவ வேண்டும். முனைவரை தடவினால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறிவிடும். மழை விட்டதும் அந்த வேலை.