எம்1 கேரண்ட்: தழும்பு எது, பழுது எது?

1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1 கேரண்ட் என்னும் அரைத் தானியங்கித் துப்பாக்கி, இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் உழைத்து ஓய்ந்து, இன்று அந்நாட்டுச் சேகரிப்பாளர்களிடமும் இலக்குச் சுடுவோரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. வாங்க வருபவர் முன் பெரும்பாலும் இரண்டு வகைகள் நிற்கும். ஒன்று, உலோகத்தின் கருமை உதிர்ந்து, மரக்கட்டையெல்லாம் வடுவாக இருக்கும் பழையது. மற்றொன்று, புதிய மேற்பூச்சும் புதிய கட்டையும் கொண்டு பளிச்சென்று இருப்பது. கண் இரண்டாவதன் பக்கமே சாயும். ஆனால் மேற்பூச்சு குழலின் உட்புறத்தைப் பற்றி எதுவுமே சொல்லாது.

பழையதில் போல்ட்டும் (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் உலோகப் பகுதி), வாயுவின் தள்ளலால் அதை முன்பின் நகர்த்தும் இயக்குத் தண்டும் உராயும் இடங்கள் வெள்ளி போல மின்னினால், அது இயல்பான தேய்மானமே. வெடிவாயுவை வாங்கித் தண்டைத் தள்ளும் வாயு உருளை துருவேறா எஃகால் ஆனது என்பதால் அதில் கருமை நெடுநாள் நிற்பதில்லை. அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் புடைப்புகளான பூட்டுக் காதுகளில் விரிசலோ உடைந்த விளிம்போ தென்பட்டால், வெளிப்புறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் துப்பாக்கியைச் சுடக்கூடாது.

குழலில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. இந்தத் துப்பாக்கியின் உடற்பகுதி பின்னால் மூடியிருப்பதால், துடைக்கும் கம்பியைக் குழல் வாய் வழியாகத்தான் நுழைக்க முடியும். ஆண்டுக்கணக்கில் எஃகுக் கம்பி உரசியதால் வாய் தேய்கிறது. தோட்டா அறைக்கு முன்னுள்ள தொண்டைப் பகுதியோ வெடிவாயுவின் சூட்டில் அரிக்கப்படுகிறது. காரணங்கள் வேறு என்பதால் அளவுகளும் தனித்தனியே எடுக்கப்பட வேண்டும். ஒரு தோட்டாவின் முனையை வாயில் செருகிப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் பழக்கம், வாயைப் பற்றி ஓரளவு சொல்லுமே தவிர, தொண்டையைப் பற்றி மௌனம் சாதிக்கும். இவற்றை விற்கும் குடிமக்கள் குறிசுடுதல் திட்டம் என்ற அமெரிக்க அமைப்பு, தன் 'சர்வீஸ்' தரத்துக்கு வாய்த் தேய்மானம் 3, தொண்டைத் தேய்மானம் 5 என்ற கேஜ் (அளவுமானி) எண்களை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது.

புதியவர்களை மிகவும் அச்சுறுத்துவது, சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவின் பிரைமரில் (ஊசி பட்டதும் தீப்பற்றும் அடிப்பகுதிக் குமிழில்) தெரியும் சிறு குழிதான். சுடும் ஊசியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வில் எதுவும் இல்லாததால், போல்ட் மூடும் வேகத்தில் ஊசி லேசாகத் தொட்டுவிடுகிறது. அது இந்த வடிவமைப்பின் இயல்பு. சுட்ட தோட்டாவின் அடிப்பகுதியில் உறை உப்பியிருப்பதோ வளையமாக விரிசல் விட்டிருப்பதோ வேறு கதை. அங்கே தோட்டா அமரும் இடைவெளியைச் சோதிக்க வேண்டும்: 1.940 அங்குலக் கேஜின் மேல் போல்ட் மூட வேண்டும், 1.950 அங்குலக் கேஜின் மேலும் மூடிவிட்டால், தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் பார்க்கும்வரை சுடக்கூடாது.

இயக்குத் தண்டு வளைந்திருப்பதும் பிழையன்று. அது வளைவாகவே செய்யப்பட்டது. அதன் மூலையில் காணப்படும் அரைவட்ட வெட்டைச் சேதம் என்று எண்ணி விலை பேசுவோர் உண்டு. உண்மையில், கூர்மையான மூலையில் விரிசல் விழுந்ததால் ராணுவமே பிற்காலத்தில் செய்த திருத்தம் அது. வெட்டு இல்லாத பழைய தண்டைத்தான் உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். தண்டைத் தள்ளும் சுருள்வில்லைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியைச் சாய்த்தால், தண்டு தன் எடையாலேயே தடையின்றி வழுக்கிச் செல்ல வேண்டும். எங்காவது முட்டி நின்றால் அதுதான் கோளாறு. சுருள்வில் தளர்ந்திருந்தால் கவலை வேண்டாம், மலிவாக மாற்றிவிடலாம்.

கட்டையின் கீறல்களை நான் பொருட்படுத்துவதில்லை. விசையைச் சுற்றியிருந்து கட்டையை உடற்பகுதியோடு இறுக்கும் விசைக்காப்பு வளையத்தை மூடும்போது கடைசியில் சற்று அழுத்தம் தேவைப்படுகிறதா என்பதையே பார்ப்பேன். எதிர்ப்பே இல்லாமல் மூடினால் மரம் நசுங்கியிருக்கிறது, குறி சிதறும். இது துல்லியத்தைக் கெடுக்குமே தவிர ஆபத்தில் முடியாது. ஆகவே கேஜ் நல்ல அளவு காட்டினால் வடுப்பட்ட பழையதையே எடுப்பேன். பளிச்சென்ற துப்பாக்கியை விற்பவர் தொண்டையை அளக்கவிட மறுத்தால், விலை கேட்பதற்கு முன்பே அதைக் கீழே வைத்துவிடுவேன்.