ஷோரூம்ல செஞ்ச டிண்டட் வேலை நாசமாயிட்டா எங்க போறது: பேச்சுவார்த்தையா, கம்ப்ளேனா, ட்ரிபியூனலா, கோர்ட்டா?

புதுக் காடி (கார்) வாங்குறப்பவே டிண்டட் (கண்ணாடில ஒட்டற கருப்பு ஃபிலிம்), டேஷ்கேம், கோட்டிங்னு எல்லாத்தையும் ஷோரூம்லயே சேத்து செஞ்சு குடுத்துடறாங்க, அந்த வேலை கெட்டுப்போனா யார் சட்டையைப் பிடிக்கிறதுன்னு பினாங்குல நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியல. நான் இதுல ஒரு வழியைப் பிடிச்சு கடைசி வரைக்கும் போனவன், அதனால மத்த வழிகளோட வச்சுப் பாத்து எழுதறேன். நேராவே சொல்லிடறேன், என் ஓட்டு டி.டி.பி.எம்முக்குத்தான், அதாவது ட்ரிபியூனல் துந்துத்தான் பெங்குனா மலேசியா, நம்ம தமிழ்ப் பேப்பர்ல பயனீட்டாளர் தீர்ப்பாயம்னு போடுவாங்களே அது. ஆனா அங்க ஜெயிக்கிறதும் தோக்கறதும் ஒரே ஒரு விஷயத்துல இருக்கு, அதுக்குப் பின்னாடி வர்றேன்.

என் கேஸ் இதுதான். பின் கண்ணாடி டிண்டட்ல பபிள் வந்துடுச்சு, ஷோரூம்ல மாத்தி ஒட்டித் தர்றோம்னு எடுத்துக்கிட்டாங்க, பழைய ஃபிலிமை பிளேடு வச்சு சுரண்டியிருக்காங்க. பின் கண்ணாடில குறுக்கால மெல்லிசா கோடு ஓடுதே, அது கண்ணாடியோட உள்பக்கத்துல சில்வர் கலந்த பெயிண்ட்ல அச்சடிச்சது, கரண்ட் போனா சூடாகி பனியை விலக்கும். ஒரு இடத்துல அறுந்தாலும் அந்தக் கோடு முழுசும் செத்துச்சு. மழை பெய்யுற காலையில சுவிட்சைத் தட்டிப் பாத்தா மேல ரெண்டு கோட்டுக்குத் தெளிஞ்சுது, நடுவுல பட்டையா வெள்ளையா அப்படியே நின்னுச்சு, பக்கத்துல போய் டார்ச் அடிச்சுப் பாத்தா பிளேடு போன தடம் நகக்கீறல் மாதிரி வரிசையா தெரியுது. சில காடில ரேடியோ ஏரியலும் அதே கண்ணாடிலதான் இருக்கு, என்னோடதும் அப்படித்தான், பாலம் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் வந்தா எஃப்.எம் இரைய ஆரம்பிச்சுடுச்சு. இதுல டேஷ்கேம் வயரை வேற எப்பவும் கரண்ட் இருக்கிற ஃபியூஸ்ல நேரா குத்தி விட்டிருந்தாங்க, பேட்டரி இறங்கினா தானா நிறுத்துற கட்-ஆஃப் கிடையாது, சனி ஞாயிறு காடிய எடுக்காம விட்டா திங்கக்கிழமை ஸ்டார்ட் ஆகாது.

முதல்ல ஷோரூமோட பேசறது. இதை யாரும் தாண்டக் கூடாது, தாண்டவும் முடியாது, ஏன்னா 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துலயே வேலை நியாயமான கவனத்தோட திறமையோட செஞ்சிருக்கணும்னு இருக்கு, அப்படி இல்லாம அது சரி பண்ணக்கூடிய குறையா இருந்தா முதல்ல செஞ்சவனையே நியாயமான நேரத்துக்குள்ள சரி பண்ணச் சொல்லணும், அவன் மறுத்தாலோ இழுத்தடிச்சாலோதான் வேற கடைல செஞ்சுட்டு அந்தச் செலவை அவன்கிட்ட கேக்கலாம். அதனால இந்தப் பேச்செல்லாம் வீண் இல்ல, ஆனா போன்ல பேசுனா வீண். வாட்ஸாப், இமெயில், தேதியோட. எங்க சேல்ஸ் அட்வைசர் நம்ம தமிழ்ப் பிள்ளைதான், மரியாதையான பிள்ளை, "அண்ணே, அது நாங்க செஞ்சது இல்லண்ணே, அக்சசரி கடைக்காரங்க செஞ்சது, நீங்க அவங்ககிட்ட பேசிப் பாருங்கண்ணே"ன்னு சொல்லிச்சு. அந்தக் கடைக்குப் போனா தவுக்கே, அதான் கடை முதலாளி, எங்களுக்கு ஷோரூம்தான் கஸ்டமர், உங்களை எனக்குத் தெரியாதுங்கறார். காடி கம்பனியோட கஸ்டமர் கேருக்கு எழுதுனா இது டீலர் போட்ட அக்சசரி, எங்க வாரண்டில வராதுன்னு பதில். மூணு பேரும் மூணு பக்கம் கை காட்டறாங்க, அந்த மூணையும் எழுத்துல வாங்கி வச்சுக்கிறதுதான் இந்தக் கட்டத்துல நம்ம வேலை.

ஃபேஸ்புக்ல போட்டுக் கிழிக்கறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். கோவத்துல ஒரு வார்த்தை கூடிப் போனா அவதூறுன்னு அவங்க லாயர் லெட்டர் நம்ம வீட்டுக்கு வரும்.

அடுத்தது கம்ப்ளேன். கே.பி.டி.என், அதாவது உள்நாட்டு வாணிப அமைச்சோட இ-அடுவான்ங்கற ஆன்லைன் புகார் பக்கத்துல போடலாம், இல்லன்னா நம்ம ஊருக்குன்னு கிரீன் லேன்ல பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கு, தமிழ்லயே பேசலாம். மலாய்ல லெட்டர் எழுதத் தயங்குற பெரியவங்களுக்கு, எந்தச் சட்டம் எந்த ஃபாரம்னே தெரியாதவங்களுக்கு, அங்க போறதுதான் நல்லது. சில ஷோரூம் சங்கத்துல இருந்து ஒரு கடிதம் வந்தாலே இறங்கி வந்துடுவான். ஆனா உன் கண்ணாடிக்கு இவ்ளோ காசு குடுன்னு கட்டளை போடற அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது, கம்ப்ளேன் வாங்குற ஆபிஸருக்கும் கிடையாது. ஷோரூம்காரனுக்குக் கொஞ்சமாச்சும் பேர் கெடுமேன்னு கவலை இருந்தா இந்த வழி போதும், என் கேஸ்ல அது இல்ல.

இப்ப நான் சொன்ன அந்த ஒரே விஷயம். எந்த வழில போனாலும் எதிராளின்னு யார் பேரை எழுதறீங்கங்கறதுதான் எல்லாம், அந்தப் பேர் உங்க கைல இருக்கிற பேப்பர்ல இருக்கணும். ஷோரூம் போர்டுல பெருசா எழுதியிருக்கிறது காடி பிராண்டோட பேர், அதுக்குக் கீழ சின்னதா ஒரு டீலர் பேர், ரிசிட்ல இருக்கிறது வேற ஒரு செண்டிரியான் பெர்ஹாட் (பிரைவேட் கம்பனி), அக்சசரி இன்வாய்ஸ்ல மூணாவதா ஒரு கம்பனி கூட இருக்கலாம். ட்ரிபியூனல் ஃபாரத்துல போர்டுல இருக்கிற பேரை எழுதிக் குடுத்தா, வர்ற ஆள் நிம்மதியா "அது நாங்க இல்ல"ன்னு சொல்லிட்டுப் போய்டுவான், ஆர்டர் கிடைச்சாலும் அந்தப் பேர்ல ஒரு கம்பனியே இல்லன்னா யார்கிட்ட வசூல் பண்றது. அதனால முதல்ல வி.எஸ்.ஓ, அதான் காடி புக் பண்றப்ப கையெழுத்து போடற சேல்ஸ் ஆர்டர், அதை எடுங்க. அதுல அக்சசரின்னு ஒரு கட்டம் இருக்கும், "டிண்டட் ஃபுல் கார், டேஷ்கேம்"னு கையாலயாவது எழுதியிருந்தா, ஃப்ரீன்னு போட்டிருந்தாலும் சரி, அந்த வேலையை நமக்குத் தர்றேன்னு ஒத்துக்கிட்டது அந்த ஷோரூம் கம்பனி. வெளிக் கடைல குடுத்து செஞ்சது அவங்களுக்குள்ள இருக்கிற கணக்கு, நாம அந்தக் கடையோட ஒப்பந்தமே போடல. பேப்பர்ல இருக்கிற கம்பனிப் பேரையும் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரையும் வச்சு எஸ்.எஸ்.எம்ல, அதாவது கம்பனிகளைப் பதிவு பண்ற ஆணையத்துல, கொஞ்சம் காசு கட்டி கம்பனி விவரம் எடுத்துக்கங்க, முழுப் பேரும் பதிவு பண்ண அட்ரஸும் எழுத்து பிசகாம ஃபாரத்துல ஏறணும். சேல்ஸ்காரன் வாயால சொன்னது மட்டும்தான் இருக்கு, வி.எஸ்.ஓல ஒண்ணுமே எழுதலன்னா, வாட்ஸாப்ல "டிண்டட் நாங்க போட்டுத் தர்றோம்"னு அவன் அனுப்புன மெசேஜைத் தேடி எடுத்து பிரிண்ட் பண்ணுங்க. இன்னும் காடி எடுக்காதவங்க இதைப் படிச்சா, இன்னைக்கே போய் அந்தக் கட்டத்துல ஃபிலிம் பிராண்டோட, எந்தெந்தக் கண்ணாடிக்குங்கறதோட எழுத வைங்க. முன் கண்ணாடி 70 சதவீதம், முன் சைடு கண்ணாடி 50 சதவீதம் வெளிச்சம் உள்ள வரணும், பின்னாடி எவ்ளோ கருப்பா வேணா போடலாம்னு 2019 மே மாசத்துல இருந்து சட்டம், அந்த நம்பரையும் சேத்து எழுதிட்டா போலீஸ் பிடிச்சா யார் தப்புங்கறதுக்கும் பேப்பர் இருக்கும்.

ரெண்டாவது பேப்பர், வேற கடையோட லெட்டர். பிறை ஊர்ல காடி வயரிங் பாக்குற கடை ஒண்ணுல மீட்டர் வச்சு கோடு கோடா பாத்து எங்க அறுந்திருக்குன்னு மார்க் பண்ணி, பிளேடு கீறல்தான் காரணம்னு கடை லெட்டர்ஹெட்ல எழுதி கொட்டேஷனும் குடுத்தாங்க. அந்த லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் நான் கண்ணாடியைத் தொட விடல.

ட்ரிபியூனலுக்கு வருவோம். 1999 நவம்பர்ல இருந்து நடக்குது, முன்னாடி 25,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும்தான் கேக்க முடியும், 2019ல சட்டத்தைத் திருத்தி 50,000 ஆக்கிட்டாங்க. ஃபாரம் பேர் போராங் 1, ஃபீஸ் 5 வெள்ளி. பிரச்சனை வந்து 3 வருஷத்துக்குள்ள போட்டுடணும். ஃபாரத்தை சீல் வச்சுக் குடுத்ததும் எதிராளிக்கு நாமதான் சேக்கணும், நேர்லயோ, வாங்கினதுக்குக் கையெழுத்து சீட்டு திரும்பி வர்ற ஏ.ஆர் ரெஜிஸ்டர் தபால்லயோ, அந்த ஏ.ஆர் சீட்டு பத்திரம், ஹியரிங்ல கேப்பாங்க. லாயர் கூடாதுங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஷோரூம் எவ்ளோ பெரிய கம்பனியா இருந்தாலும் அவங்க முழுநேர சம்பள ஆளைத்தான் அனுப்ப முடியும், ஆக அந்தப் பக்கம் உக்காந்திருந்தது அவங்க சர்வீஸ் மேனேஜர், இந்தப் பக்கம் நான். முன்னாடி பிரெசிடென், அதான் கேஸை விசாரிக்கிற ட்ரிபியூனல் தலைவர். வாதாட்டம்னு ஒண்ணும் பெருசா இல்ல, அவர் வி.எஸ்.ஓவை வாங்கிப் பாத்துட்டு மேனேஜரைப் பாத்து இந்தக் கம்பனி உங்களோடதுதானேன்னு கேட்டார், அவர் ஆமான்னார், அக்சசரி கடைங்கற பேச்சே அதுக்கப்புறம் எழும்பல. முதல்ல சமாதானமா முடிக்கப் பாருங்கன்னுதான் சொல்லுவாங்க, மேனேஜர் திரும்பவும் டிண்டட் ஒட்டித் தர்றேன்னார், நான் ஒத்துக்கல, கண்ணாடிக்கும் வயரிங்குக்கும் காசா குடுக்கச் சொல்லி ஆர்டர் ஆச்சு.

அந்த ஆர்டருக்குப் பல் இருக்கு, அதனாலதான் இதை மேல வைக்கிறேன். 14 நாளைக்குள்ள செய்யலன்னா அது கிரிமினல் குற்றம், 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். இதைப் படிச்ச ஷோரூம் கெடுவுக்குள்ளயே காசைக் குடுத்துட்டாங்க.

மெஜிஸ்ட்ரேட் கோர்ட்ல சிறு கோரிக்கைன்னு இன்னொண்ணு இருக்கு, 5,000 வெள்ளி வரைக்கும், ஃபாரம் 198, அங்கயும் நாம லாயர் இல்லாமதான் போகணும். என் தொகைக்கு இதுவும் பொருந்தும், ஆனா நான் எடுக்கல. ஜட்ஜ்மெண்ட் வாங்குன பிறகு எதிராளி குடுக்கலன்னா வசூலுக்கு நாமதான் திரும்ப மனு போட்டு அலையணும், ட்ரிபியூனல் மாதிரி அது தானா குற்றமாகாது. ஆனா காடி வேலைன்னு இல்லாம, ஒரு தனி ஆளுக்குக் குடுத்த கடன் மாதிரி பயனீட்டாளர் விஷயமே இல்லாத பணத்துக்கு இதுதான் வழி. ஒண்ணு கவனிக்கணும், ட்ரிபியூனல்ல போட்ட கேஸை அது அங்க இருக்கிற வரைக்கும் கோர்ட்டுக்கும் கொண்டு போக முடியாது, ரெண்டு குதிரைல சவாரி கிடையாது. பெரிய தொகையை ரெண்டா உடைச்சுப் போடறதுக்கும் வழி இல்ல.

லாயர் வச்சு சிவில் கேஸ் நான் போனதில்ல, அதனால செலவு பத்தி வாய் திறக்க மாட்டேன். ஆனா சில பேருக்கு அதைத் தவிர வழி இல்லங்கறது தெரியும். காடி கம்பனி பேர்ல வியாபாரத்துக்கு ஓடுதுன்னா ட்ரிபியூனல் பயனீட்டாளரா எடுத்துக்கிறது கஷ்டம். தப்பான வயரிங்ல தீப்பிடிச்சு ஆளுக்குக் காயம்னா அந்தக் காயத்துக்கான நஷ்டஈடு ட்ரிபியூனல் எல்லைல வராது. 50,000க்கு மேல போனாலும் மிச்சத்தை விட்டுக் குடுத்தாதான் உள்ள எடுப்பாங்க. இந்த மூணுல ஒண்ணு உங்க நிலைமைன்னா போராங் 1 எழுதி நேரத்தைப் போக்காம முதல்லயே ஒரு லாயரைப் பாத்துடுங்க, வி.எஸ்.ஓவும் அந்த இன்னொரு கடை லெட்டரும் அங்கயும் முதல்ல கேக்கற பேப்பர்தான்.