ஹெட்செட் சத்தம் காணாதா? போனில் கூட்டும் வழிகளில் எது எதைவிட மேல்

ஹெட்செட்டில் சத்தம் காணாது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எங்கே இருந்து கேட்கிறீர்கள், எதைக் கேட்கிறீர்கள் என்பதைத்தான். ரம்பொடை ஏற்றத்தில் முதல் கியரில் முனகிக்கொண்டு போகும் பஸ்ஸில் பாட்டு காணாமல் போவது ஒன்று. லயத்தில் எல்லாரும் தூங்கிய பிறகும் உயர்தர வகுப்பின் பதிவில் சேர் பேசுவது காதில் விழாமல் இருப்பது இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த போனில் எந்த ஹெட்செட்டைப் போட்டாலும் எல்லாமே அமுங்கிக் கேட்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் காரணம் வேறு வேறு, ஆனால் எல்லாருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: ஒரு வால்யூம் பூஸ்டர் ஆப்பை இறக்கிப் போடு. என் கணக்கில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய வழி.

எந்த வழியையும் தொடுமுன் ஒரு சின்னச் சோதனை. சத்தமில்லாத அறையில் நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் பாதி ஒலியளவில் போடுங்கள். தெளிவாகக் கேட்டால் போனிலும் குறையில்லை, ஹெட்செட்டிலும் குறையில்லை, வெளி இரைச்சல்தான் உங்கள் பிரச்சினை. அங்கேயும் அமுங்கிக் கேட்டால் வேறொரு ஹெட்செட்டை மாற்றிப் பாருங்கள். மாற்றியதில் சரியாகக் கேட்டால் கோளாறு பழைய ஹெட்செட்டில். அதிலும் அப்படியே என்றால் போனுக்குள் ஏதோ தடுக்கிறது. பாட்டெல்லாம் சரி, ஒரு வகுப்புப் பதிவு மட்டும் கேட்கவில்லை என்றால் அந்தப் பதிவிலேயே சத்தம் குறைவு.

காது ரப்பரா, ஒலியளவா

பஸ்ஸிலும் ரயிலிலும் கேட்பவர்களுக்கு நான் அடித்துச் சொல்வேன், வெளிச் சத்தத்தைத் தடுப்பதுதான் முதல் வழி. காதுக்குள் நுழையும் வகை ஹெட்செட்டில் சிலிக்கான் ரப்பர் சரியாகப் பொருந்தினால் வெளி இரைச்சல் சுமார் 15 முதல் 20 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை குறையும். 10 டெசிபல் வித்தியாசமே நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டால், ஒரு துண்டு ரப்பர் செய்வதை எந்த ஆப்பாலும் செய்ய முடியாது என்பது விளங்கும். ஆப் பாட்டை மட்டும்தான் ஏற்றும். ரப்பர் பாட்டை அப்படியே விட்டு இரைச்சலை இறக்கும், காதுக்கும் கேடில்லை.

பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவு ரப்பர் வருகிறது, ஏற்கனவே மாட்டியிருக்கும் நடு அளவோடு நம்மவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். மற்ற இரண்டையும் மாட்டிப் பாருங்கள். ஒரே ஆளுக்கு இடது காதும் வலது காதும் வேறு அளவாக இருப்பது சாதாரணம், அதனால் ஒரு பக்கம் சின்னது, மறு பக்கம் நடு என்று போட்டாலும் தப்பில்லை. பாட்டு ஓடும்போது ஹெட்செட்டை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள், தாளச் சத்தம் திடீரென்று கனத்தால் அதுவரை காற்று கசிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். சிலிக்கான் எந்த அளவிலும் நிற்காதவர்களுக்குப் பஞ்சு போல அமுங்கும் ஃபோம் நல்லது. விரலால் நசுக்கி உள்ளே வைத்து, அது விரியும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். பஸ் இரைச்சலுக்கு அது சிலிக்கானைவிட ஒரு படி மேல், ஆனால் சீக்கிரம் அழுக்காகும், சில மாதத்தில் மாற்ற வேண்டி வரும். ரப்பரே இல்லாமல் காதின் வாயில் தொங்கும் கடின பிளாஸ்டிக் வகை பஸ்ஸுக்குள் எப்போதும் தோற்கும், அதற்கு ஒலியளவை எவ்வளவு கூட்டியும் பயனில்லை.

இரைச்சலை ரத்துசெய்யும் ஏஎன்சி வசதியுள்ள ஹெட்செட், எஞ்சின் உறுமல் போன்ற தாழ்ந்த, ஒரே சீரான சத்தத்தை நன்றாகவே அடக்கும். ஹோர்ன், பக்கத்து சீட்டுப் பேச்சு, தனியார் பஸ்ஸின் ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு இவற்றில் அது அவ்வளவு கெட்டியில்லை. காசு கொஞ்சம் இருந்தால் நல்ல வழிதான், சும்மா சத்தம் கூட்டுவதற்காக மட்டும் வாங்குவதென்றால் முதலில் ரப்பரை மாற்றிப் பாருங்கள். காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போனும் இருக்கிறது, கொழும்பு வெயிலில் அதைப் போட்டு நடப்பது பாடு, நுவரெலியாக் குளிருக்கு அது சுகம்.

வெளிச் சத்தத்தைத் தடுப்பதற்கு ஒரு விலை உண்டு, நம் பக்கத்தில் அது கொஞ்சம் கூடுதல். தோட்டத்திலிருந்து டவுனுக்கு ரயில் பாதை வழியே நடப்பவர்கள் இன்னும் நிறையப் பேர், வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் ரயில் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் முதலில் தெரியும். அங்கே ஹெட்செட் வேண்டவே வேண்டாம், ஒரு காதில்கூட. மலையில் கொழுந்து எடுக்கும்போதும் அப்படித்தான்: குளவி கலைந்தால் முதலில் வருவது பக்கத்து நிரையில் இருப்பவரின் கூச்சல், அது காதில் விழ வேண்டும்.

அப்புறம் துப்புரவு. ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் அநேகமாக ஹெட்செட்டில் ஒலி வரும் வாயில் உள்ள சின்ன வலையில் காதழுக்கு அடைத்திருக்கும். ரப்பரைக் கழற்றி, வலை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பல்துலக்கியால் தட்டித் தேய்த்தால் போதும். ஊசியால் குத்தினால் வலை கிழியும், தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் போகும். மூட்டமும் தூறலுமாக இருக்கும் மாதங்களில் ஈரத்தோடு சட்டைப்பையில் போடாமல் துடைத்து, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பையோடு ஒரு டப்பாவில் வைப்பது நல்லது. வயர் ஹெட்செட் என்றால் போனின் துளைக்குள் பஞ்சு சேர்ந்து முள் முழுதாக இறங்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள், போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம்.

செட்டிங்ஸில் இருக்கும் பூட்டு: ஆண்ட்ராய்டும் ஐபோனும்

அமைதியான அறையிலும் எல்லா ஹெட்செட்டும் அமுங்கிக் கேட்கிறதென்றால் அடுத்த இடம் இதுதான், செலவும் இல்லை.

சாம்சங்கில் சவுண்ட்ஸ் அண்ட் வைப்ரேஷன், அதற்குள் வால்யூம், மேலே மூன்று புள்ளி, அங்கே மீடியா வால்யூம் லிமிட் என்று ஒன்று இருக்கும். பிள்ளைகளுக்காக யாராவது அதைப் போட்டுவைத்து மறந்திருக்கலாம். ஐபோனில் சவுண்ட்ஸ் அண்ட் ஹேப்டிக்ஸ் போய் ஹெட்போன் சேஃப்டியில் ரெட்யூஸ் லவுட் ஆடியோ என்பதைப் பாருங்கள், 75 முதல் 100 டெசிபல்வரை நகர்த்தும் கோடு அது. 75இல் நின்றுகொண்டிருந்தால் பஸ்ஸில் ஒன்றும் கேட்காது.

ஐரோப்பாவிலிருந்து வந்த போன்களின் கதை வேறு. அங்கே 2013 முதல் அமலில் இருக்கும் பாதுகாப்பு விதிப்படி, கூடவே வரும் ஹெட்செட்டில் 85 டெசிபலைத் தாண்டும்போது எச்சரிக்கை வர வேண்டும், 100 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. பாரிஸிலோ மிலானிலோ வாங்கிய போன் இங்கே விற்பதைவிடச் சற்று அமுங்கிக் கேட்டால் அது கோளாறே இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதை உடைக்க ரூட் பண்ணி, அதாவது போனின் உள் பூட்டைத் திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், வங்கி ஆப் வேலை செய்யாமல் போகும் அளவுக்கு அது பெறுமதியான வேலை இல்லை.

புளூடூத் ஹெட்செட்டுக்கு ஆண்ட்ராய்டில் உண்மையிலேயே வித்தியாசம் காட்டும் ஒரு வழி இருக்கிறது. அபவுட் ஃபோனில் பில்ட் நம்பரை ஏழு தரம் தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் டிஸேபிள் அப்சொல்யூட் வால்யூம். சாதாரணமாகப் போனின் ஒலியளவும் ஹெட்செட்டின் ஒலியளவும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும், சில மலிவான ஹெட்செட்டில் அந்தக் கட்டு சரியாகப் பொருந்தாமல், போன் முழுதாகக் கூட்டியும் ஹெட்செட் பாதியிலேயே நிற்கும். இதைப் போட்டதும் இரண்டும் தனித்தனியாகும், புளூடூத்தை அணைத்து மறுபடி இணைத்தபின் ஹெட்செட்டின் பொத்தானிலும் கூட்டிப் பார்க்கலாம். அதற்கு முன் போனின் சத்தத்தைக் கட்டாயம் குறைத்துவிட்டு இணையுங்கள், சில ஹெட்செட் திடீரென்று அலறும். பயன் தெரியாவிட்டால் பழையபடி மாற்றிவிடலாம். ஐபோனில் இப்படியொரு சுவிட்ச் இல்லை. அதற்குப் பதில் 2020இல் ஐஓஎஸ் 14உடன் வந்த ஹெட்போன் அகொமொடேஷன்ஸ் இருக்கிறது, மெல்லிய சத்தங்களை மட்டும் தூக்கிக் கொடுக்கும், ஏர்பாட்ஸ், பீட்ஸ் போன்ற சிலவற்றில்தான் வேலை செய்யும். அது வேலை செய்யும் ஹெட்செட் உங்களிடம் இருந்தால் ஆண்ட்ராய்டு வழியைவிட இது நல்லது, ஏனென்றால் ஏற்கனவே சத்தமாக இருப்பதை மேலும் ஏற்றுவதில்லை.

பூஸ்டர் ஆப்பும் விஎல்சியும்

இங்கேதான் பலர் காசும் நேரமும் விடுகிறார்கள். பூஸ்டர் ஆப்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. ஒலியை உரப்பாக்கும் ஒரு வசதி ஆண்ட்ராய்டிலேயே 2013இல் வந்த 4.4 பதிப்பு முதல் இருக்கிறது, பெரும்பாலான ஆப்கள் அதைத்தான் திருகுகின்றன. டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சி உண்டு, அதைத் தாண்ட முடியாது. இப்போது வரும் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் அந்த உச்சியைத் தொட்டபடியே தயாராகி வருகின்றன. அதை மேலும் ஏற்றினால், நிறைந்த கூடையில் இன்னும் கொழுந்தை அமுக்கும்போது இலை கசங்குவது போல ஒலி கசங்கும், பறை கரகரக்கும், குரல் தட்டையாகும். சத்தம் கூடியது போல ஒரு நினைப்பு வரும், தெளிவு போய்விடும், தெளிவு போனதும் இன்னும் கூட்டத் தோன்றும்.

வகுப்புப் பதிவு அப்படியல்ல. மேசையில் போனை வைத்து சேர் தூரத்தில் நின்று பேசிய பதிவில் ஒலி உச்சிக்கு வெகு கீழே கிடக்கும், ஏற்றுவதற்கு நிறைய இடம் இருக்கிறது. அங்கே கூட்டுவது நியாயமான வேலை. ஆனால் அதற்குக்கூட முழுப் போனையும் ஏற்றும் பூஸ்டர் வேண்டாம், ஏனென்றால் பாடம் முடிந்து வேறொன்றைப் போட்டதும் அந்தச் சத்தம் நேரே காதில் அடிக்கும். விஎல்சி பிளேயர் போதும், இலவசம், விளம்பரம் இல்லை, அதன் ஆடியோ செட்டிங்ஸில் ஆடியோ பூஸ்ட் இயக்கினால் 200 சதவீதம்வரை போகும், விஎல்சியில் ஓடுவதற்கு மட்டும். சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் பாடங்களைக் கோப்பாக இறக்கி விஎல்சியில் கேட்பது பூஸ்டரைவிட எல்லா வகையிலும் மேல். பாடம் யூடியூபில் இருந்தால் வீடியோவின் செட்டிங்ஸில் ஸ்டேபிள் வால்யூம் இருக்கிறதா பாருங்கள், மெல்லிய பேச்சையும் உரத்த சத்தத்தையும் அது ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரும்.

கனத்த ஒலி, மெல்லிய ஒலி என்று பகுதி பகுதியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பலரும் பேஸை, அதாவது கனத்த தாழ் ஒலியை ஏற்றுவார்கள், அது இருக்கிற இடத்தையெல்லாம் சாப்பிட்டுவிட்டுக் குரலைப் புதைக்கும். நம் காது கூர்மையாக இருப்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். பேஸைக் கொஞ்சம் இறக்கி அந்தப் பகுதியை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றினால் பேச்சு முன்னால் வரும், மொத்தச் சத்தம் அவ்வளவு கூடாமலே. ஸ்பாடிஃபையில் வால்யூம் லெவல் என்பதில் நார்மலிலிருந்து லவுடுக்கு மாற்றினால் சுமார் 3 டெசிபல் கூடும், அது சின்ன வித்தியாசம்தான்.

டாங்கிளா, புது ஹெட்செட்டா

போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாதவர்கள் வயர் ஹெட்செட்டை சார்ஜ் துளையில் இணைக்கும் டைப் சி டாங்கிள் வாங்குகிறார்கள். எல்லா டாங்கிளும் ஒன்றில்லை. ஆப்பிளின் சின்ன டாங்கிளே அமெரிக்க விற்பனையில் 1 வோல்ட், ஐரோப்பிய விற்பனையில் 0.5 வோல்ட் தருகிறது, வித்தியாசம் 6 டெசிபல். அதுவும் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதைச் செருகினால் முழுச் சக்தி வராமல் சத்தம் குறைந்தே இருக்கும், அதனால் ஆப்பிள் என்ற பேரை மட்டும் நம்பி ஆண்ட்ராய்டுக்கு வாங்காதீர்கள். கடையில் உங்கள் போனிலேயே செருகிக் கேட்டுப் பார்த்து வாங்குவதுதான் வழி.

ஸ்டூடியோ வகைப் பெரிய ஹெட்போனைப் போனில் செருகி சத்தம் இல்லை என்பவர்கள் பெட்டியில் ஓம் (மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் தடையின் அளவு) எவ்வளவு என்று பாருங்கள். அதே 1 வோல்ட்டில் 32 ஓம் ஹெட்செட்டுக்கு 31 மில்லிவாட் போகும், 250 ஓமுக்கு 4 மில்லிவாட்தான். அதற்கு நல்ல டாங்கிளோ, ஒலியின் சக்தியைக் கூட்டும் சின்ன ஆம்ப்போ வேண்டும், இல்லாவிட்டால் ஓம் குறைந்த, சென்சிட்டிவிட்டி கூடிய (குறைந்த சக்தியிலும் உரக்க ஒலிக்கும்) ஹெட்செட்டாக மாற்ற வேண்டும். போனுக்கு மட்டும் என்றால் நான் இரண்டாவதையே சொல்வேன், சட்டைப்பையில் இன்னொரு பெட்டியைச் சுமந்துகொண்டு பஸ் ஏற வேண்டாம்.

எவ்வளவு கூட்டலாம்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணித்தியாலம், பிள்ளைகளுக்கு அதே நேரம் 75இல். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான், 100 என்றால் சுமார் 20 நிமிடம். தினமும் ஹட்டனுக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் போய்வரும் பிள்ளை இரைச்சலுக்கு மேலே கூட்டிக்கொண்டே போனால் இந்தக் கணக்கு வாரம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். ரப்பரை முதலில் சொன்னது அதனால்தான்.

எல்லாம் செய்தும் ஒரு பக்கம் குறைவாகவே கேட்டால் ஹெட்செட்டை இடம் மாற்றி, வலதை இடதிலும் இடதை வலதிலும் போடுங்கள். குறை ஹெட்செட்டோடு கூடவே போனால் வலையைத் துடைக்கலாம், இல்லையென்றால் மாற்றலாம். அதே காதிலேயே நின்றால், அல்லது ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் காதில் இரைச்சல் இருந்துகொண்டே இருந்தால், போனைத் தொடாமல் பக்கத்து அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். காதுக்குள் அழுக்கு அடைத்திருந்தால் எடுத்துவிடுவார்கள், தேவைப்பட்டால் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.