பிறப்பையே குற்றமாக்கிய சட்டம்: டிரெவர் நோவாவின் ‘பார்ன் எ கிரைம்’ வாங்கலாமா?

புத்தகத்தைத் திறந்ததும் கதை வராது, சட்டம் வரும். தென்னாப்பிரிக்காவின் 1927ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடு தடுப்புச் சட்டத்தின் வாசகம் முன்பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. ஐரோப்பியரும் கறுப்பினத்தவரும் உறவு கொண்டால் ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை, பெண்ணுக்கு நான்காண்டு வரை. 1950இல் இதை வெள்ளையர் அல்லாத எல்லாருக்கும் விரித்தார்கள். இது தென்னாப்பிரிக்க நகைச்சுவைக் கலைஞர் நோவாவின் தன்வரலாறு. அவர் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தது 1984 பிப்ரவரியில். அம்மா பட்ரீசியா கோசா என்ற கறுப்பின மக்கள் குழுவைச் சேர்ந்த பெண், அப்பா ராபர்ட் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த வெள்ளையர். இந்தத் தடை நீங்கியது 1985இல். ஆக, குழந்தை பிறந்தபோது அதன் தோல் நிறமே பெற்றோருக்கு எதிரான சாட்சி.

நகைச்சுவைக் கலைஞர் எழுதியதாயிற்றே என்று சிரிப்புக்காக இதை வாங்குகிறவர்கள் உண்டு. சிரிப்பு நிறையவே இருக்கிறது. ஆனால் இனம் என்கிற விஷயம் சட்டமாக, விண்ணப்பமாக, பள்ளிப் பிரிவாக, தெருவின் எல்லையாக ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் நூல்கள் குறைவு. இதை வாங்கச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

சுமார் 300 பக்கம், மூன்று பகுதி, 18 அத்தியாயம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓரிரு பக்கத்தில் ஒரு குறிப்பு வருகிறது. கதையின் ஓட்டத்தில் பலரும் தாண்டிப் போவது இந்தக் குறிப்புகளைத்தான். தாண்டக் கூடாது. கோசாக்களும் சூலு என்ற மற்றொரு கறுப்பினக் குழுவினரும் ஏன் பிரித்து வைக்கப்பட்டார்கள், கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் எதைக் கற்பிக்க அமைக்கப்பட்டது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு முதல் அத்தியாயத்தைப் படித்தால், சூலுவான மினிபஸ் ஓட்டுநர் கோசாவான பட்ரீசியாவை எதற்கு அவ்வளவு ஏசுகிறார் என்றே புரியாது. சம்பவங்கள் கால வரிசையிலும் இல்லை. முதல் அத்தியாயத்தில் ஒன்பது வயதுப் பையன் ஓடும் வண்டியிலிருந்து அம்மாவால் வெளியே தள்ளப்படுகிறான், இரண்டாவதில்தான் பிறக்கிறான். ஆண்டுகளைக் கோத்துக்கொள்ள முயன்றால் தடுமாறுவீர்கள். தனித்தனிக் கதைகளாகப் படிப்பதே சரி.

நூலின் உச்சம் என்றால் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் பூங்காதான். கறுப்பினப் பெண் வெளிர்நிறக் குழந்தையோடு தெருவில் நடந்தால் போலீஸ் கேட்கும். அதனால் பட்ரீசியா, குழந்தையின் நிறத்தை ஒத்த ‘கலர்ட்’ (கலப்பினத்தவர் என்று அரசு வகைப்படுத்திய பிரிவு) பெண் ஒருவரை உடன் அழைத்துக்கொள்வார். அந்தப் பெண் தாயைப் போல முன்னால் குழந்தையோடு நடப்பார். பெற்ற தாய் வேலைக்காரியைப் போலப் பின்னால் வருவார். அந்த நாட்களின் புகைப்படங்களிலும் முன்னால் நிற்பது அம்மா அல்லாத அம்மா. வேறொரு நாள், அதே பூங்காவில் குழந்தை ‘டாடி’ என்று கூப்பிட்டுக்கொண்டே அப்பாவின் பின்னால் ஓடுகிறது. சுற்றியுள்ளவர்கள் பார்க்கிறார்கள். அப்பா பயந்து ஓட, விளையாட்டு என்று நினைத்துக் குழந்தை இன்னும் வேகமாகத் துரத்துகிறது. இதை நோவா சில வரிகளில் முடித்துவிடுகிறார். கண்ணீர் வரவழைக்கும் வார்த்தை ஒன்றுகூட இல்லை.

‘அபார்ட்ஹெய்ட்’ எனப்படும் நிறவெறி ஆட்சி ஆட்களை வகைபிரித்தது 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின்படி. தோற்றம், பழக்கவழக்கம், ஊரார் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அளவுகோல். சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள்; விழுந்தால் ஒரு இனம், நின்றால் வேறு இனம். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஓரிடம், தம்பி ஓரிடம் என்று பிரிக்கப்பட முடிந்தது இதனால்தான். நோவா இதை நன்றாகவே விளக்குகிறார். ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சீனர்கள் கறுப்பினத்தவராக வகைப்படுத்தப்பட்டார்கள் என்று எழுதுகிறார். சட்டப்படி சீனர்கள் ‘கலர்ட்’ வகைக்குள் ஓர் உட்பிரிவு. 1959 அறிவிக்கையில் இந்தியர்களும் அப்படித்தான் வருகிறார்கள். கட்டுரைக்கோ பாடத்துக்கோ மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த வரியை நம்பி எடுக்க வேண்டாம். மேடைப் பேச்சின் வேகம் சில இடங்களில் சட்ட நுணுக்கத்தைச் சுருக்கிவிடுகிறது.

‘நான் எந்தப் பக்கம்?’ என்கிற கேள்விக்கு நூல் காட்டும் வழி, மொழி. ஆங்கிலம், கோசா, சூலு, ட்ஸ்வானா, ஆப்பிரிக்கான்ஸ் என்று பையன் பல மொழி பேசுகிறான். பின்னால் வரும் சூலு இளைஞர்கள் இந்த ‘வெள்ளைக்காரனை’ மடக்கிப் பறிக்கலாம் என்று திட்டம் போடுவது காதில் விழுகிறது. அவன் திரும்பி, சேர்ந்தே வேறு யாரையாவது மடக்கலாமா என்று சூலுவிலேயே கேட்கிறான். அவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் மொழி எல்லாக் கதவையும் திறப்பதில்லை. ஈடன் பார்க் என்ற ‘கலர்ட்’ குடியிருப்பில் தன் நிறத்துப் பிள்ளைகளோடே அவனால் ஒட்ட முடியவில்லை. ஆப்பிரிக்கான்ஸ் நன்றாகப் பேசியும் அங்கே அடி விழுகிறது. ஒன்பதாம் அத்தியாயத்தின் மல்பெரி மரக் காட்சியை, நான்காம் அத்தியாயத்தின் சூலு சம்பவத்தை முடித்த கையோடு படியுங்கள். மொழி தெரிந்தால் போதும் என்று எண்ணத் தொடங்குகிறவரை அது நிறுத்திவிடும்.

பதின்மூன்றாம் அத்தியாயத்தைத் தனியே சொல்ல வேண்டும். டெடி என்ற கறுப்பின நண்பனோடு சேர்ந்து பூட்டிய கடையின் கம்பிக்கதவு வழியாகக் கைவிட்டு சாக்லேட் திருடுகிறான். டெடி மாட்டிக்கொள்கிறான், இவன் தப்புகிறான். பள்ளியில் கண்காணிப்புக் கேமரா காட்சியைப் போடுகிறார்கள். மட்டமான கறுப்பு-வெள்ளைக் கேமரா. டெடி கரிய உருவமாகத் தெரிய, பக்கத்தில் நிற்கும் இவனது தோல் வெளுத்துப் போய்த் திரையில் வெள்ளைப் பையனாகத் தெரிகிறது. இவனையே எதிரில் உட்காரவைத்து, டெடியோடு சுற்றும் அந்த வெள்ளைப் பையன் யார் என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். திரையில் இருப்பவனும் எதிரில் இருப்பவனும் ஒருவன்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இனம் பார்ப்பவரின் கண்ணில் எப்படி உருவாகிறது என்பதற்கு வகுப்பறையில் வைக்க இதைவிடப் பொருத்தமான பகுதி கிடைப்பது கடினம்.

தடுக்கிய இடங்களும் உண்டு. ஹிட்லர் என்று பெயர் கொண்ட நடன நண்பன் யூதப் பள்ளியில் ஆடும் பதினைந்தாம் அத்தியாயம் அதில் முதன்மையானது. காலனி ஆட்சியில் காங்கோவில் செத்தவர்களை யாரும் எண்ணவில்லை, அதனால் ஆப்பிரிக்கர்களுக்கு ஹிட்லர் ஐரோப்பாவில் செய்த கொடுமை முதன்மையாகத் தெரியவில்லை என்ற வாதம் வலுவானது. ஆனால் சிரிப்பை எட்டும் அவசரத்தில் அந்தப் பள்ளியில் இருந்தவர்களின் வலிக்கு இடமே இல்லாமல் போகிறது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு குறை உறைக்கும். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியதிலிருந்து நம்மவர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவுக்கு அருகிலேயே இந்தியர்களுக்கென ஒதுக்கிய லெனேசியா இருக்கிறது. இந்த நூலில் அவர்கள் ஓரமாக மட்டுமே வந்து போகிறார்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர் அனுபவத்தைத் தேடுபவர் இதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

அச்சா, ஒலிநூலா? இரண்டும் முடிந்தால் நல்லது. ஒன்றுதான் என்றால் ஒலிநூல். நோவாவே வாசிக்கிறார், எட்டே முக்கால் மணி நேரம் போல வரும். கோசாவின் நாக்குச் சொடுக்கு ஒலிகளும், அம்மாவின் குரலும் அதட்டலும் எழுத்தில் பாதிதான் வருகின்றன. ஆங்கிலம் எளிமையானது. கல்லூரி முதலாண்டு மாணவர் அகராதி இல்லாமலே படிக்கலாம்.

பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் 2019இல் வந்த இளையோர் பதிப்பைப் பாருங்கள். மூல நூலின் கடைசி அத்தியாயம் குடும்ப வன்முறை. மாற்றாந்தந்தை அம்மாவைத் துப்பாக்கியால் சுடுவதும் மருத்துவமனையும் விரிவாக வருகின்றன. பதினான்கு வயதுக்குக் கீழே இருப்பவரிடம் மூல நூலைக் கொடுக்கும் முன் பெரியவர் ஒருவர் அந்த அத்தியாயத்தைப் படித்துவிடுவது அவசியம்.

இதை முடித்ததும் அடுத்து எது என்றால், ஜூடித் ஸ்டோன் எழுதிய ‘வென் ஷி வாஸ் ஒயிட்’. வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்து, 1966இல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு ‘கலர்ட்’ என மாற்றி எழுதப்பட்ட சாண்ட்ரா லேங்கின் வரலாறு அது. மறு ஆண்டே அவரை வெள்ளையர் என்று திருத்தினார்கள். ஊர் அதை ஏற்கவில்லை. நோவா தொட்டுச் செல்லும் வகைப்பாட்டு இயந்திரத்தின் உட்புறம் அதில் முழுதாகத் தெரியும். கதையாக வேண்டுமென்றால் நெல்லா லார்சனின் ‘பாஸிங்’, 1929இல் வந்த சிறு நாவல். வெள்ளையராகத் தன்னைக் காட்டிக்கொண்டு வாழும் ஒரு கறுப்பினப் பெண்ணும், அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பால்யத் தோழியும் சிகாகோவில் மீண்டும் சந்திக்கிறார்கள்; கதை பெரும்பாலும் நியூயார்க்கின் ஹார்லெமில் நடக்கிறது. ஒரு வார இறுதிக்குள் முடியும். முடிவை யாரிடமும் கேட்டுவிடாமல் படியுங்கள்.