வோல்ஸ்லியா, ராபர்ட்ஸா? நான் வாங்கிய கடிதம்

கிட்டத்தட்ட ஒரே விலைக்கு இரண்டு கடிதங்கள். ஒன்றில் ‘வோல்ஸ்லி’ என்ற கையெழுத்து, மற்றதில் ‘ஃப்ரெட் ராபர்ட்ஸ்’. இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் தளபதிகள். உயிரோடு இருந்த காலத்தில் ஒருவருக்கொருவர் ஆகாது. ஆப்பிரிக்காவில் போரிட்ட அதிகாரிகளின் கோஷ்டி முன்னவரைச் சுற்றி, இந்தியாவில் பணியாற்றியவர்களின் கோஷ்டி பின்னவரைச் சுற்றி. 1895இல் பிரிட்டிஷ் ராணுவத் தலைமைத் தளபதி பதவி வோல்ஸ்லிக்குப் போனது. ராபர்ட்ஸ் 1901 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம்மவர்கள் பலர் ராபர்ட்ஸைத்தான் எடுப்பார்கள். கான்பூரில் பிறந்தவர், 1880இல் காபூலிலிருந்து காந்தகாருக்கு 300 மைலுக்கு மேல் படையை நடத்திச் சென்றவர், அடுத்த ஆண்டே மதராஸ் ராணுவத்தின் தளபதி. நான் எடுத்தது வோல்ஸ்லியை.

காரணம், கைப்பட எழுதியதுதானா என்பது. ராபர்ட்ஸ் கடிதம் முழுக்க எழுத்தரின் உருண்டையான எழுத்து. அடியில் மட்டும் தளபதியின் பேனா. தலைமையகக் கடிதங்கள் பலவும் அப்படித்தான். அசலா என்று பார்க்க அந்த இரண்டே சொற்கள்தான் மிச்சம். வோல்ஸ்லியுடையது மூன்று பக்கமும் அவர் கைப்பட எழுதியது. நாலைந்து சொல் போனதும் மை வெளிறுகிறது, பேனாவைத் தோய்த்ததும் கருக்கிறது, மறுபடி வெளிறுகிறது. பார்த்துப் பார்த்து வரைகிறவனுக்கு மூன்று பக்கம் இந்த ஓட்டம் வருவது கஷ்டம்.

தேதியையும் பாருங்கள். பிரபுக்கள் முதற்பெயரை விட்டுப் பட்டப்பெயரை மட்டும் போடுவது வழக்கம். எகிப்தில் தெல்-எல்-கெபிர் போரில் வென்ற பிறகு 1882இல் பிரபுப் பட்டம் வந்ததால்தான் வெறும் ‘வோல்ஸ்லி’. அதற்கு முந்தைய தேதியில் அப்படி இருந்தால் கீழே வைத்துவிடலாம். ராபர்ட்ஸ் பிரபுவானது 1892இல், அவருக்கு அதுதான் எல்லை. ‘ஃப்ரெட்’ அதற்கு முன்புதான்.

பராமரிப்பில் வித்தியாசமில்லை. இரண்டும் தாளை அரிக்கும் இரும்பு மை. ஈரமும் வெயிலும் ஆகாது, லேமினேஷன் கூடவே கூடாது.

விற்பனை? நான் இன்னும் எதையும் விற்றுப் பார்த்ததில்லை. இங்கே ராபர்ட்ஸ் சீக்கிரம் போகும் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். விஷயமும் விலையைத் தீர்மானிக்கும். வோல்ஸ்லி படையோடு மீட்கப் போன சூடான் நகரமான கார்ட்டூம் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் என் கைக்கு எட்டியிருக்காது. என்னுடையதில் இருப்பது, விருந்துக்கு வர முடியாததற்கு மூன்று பக்க மன்னிப்பு.

அப்புறம், அந்தக் கடிதத்தின் வரிகள் வலப்பக்கம் போகப் போகக் கீழே சரிகின்றன. 1855இல் கிரிமியப் போரின் செவஸ்தபோல் முற்றுகையில் வோல்ஸ்லிக்கு ஒரு கண் பார்வை போனது. இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு ஆசைதான். ஆனால் இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற என் எழுத்தும் அப்படியேதான் சரிகிறது.