விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததென்று கணினியைக் கடையில் கொடுக்கப் போகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். 2025 அக்டோபரில் என் வீட்டுக் கணினியைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்து, 7,500 ரூபாயையும், அதைவிடப் பெரிதாக, என்னை நம்பித் தங்கள் ஆவணங்களைத் தந்த அக்கம்பக்கத்தாரின் நகல்கள் அடங்கிய ஹார்ட் டிஸ்க்கையும் இழந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே பேச்சைப் பல கடைகளில் பேசுகிறார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டதால், அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்பதைச் சொல்வதே பயன் தரும் என்று நினைக்கிறேன்.

2017-இல் வாங்கிய கணினி அது. ஆறாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ரேம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். கணினியை இயக்கும் மென்பொருளான விண்டோஸ் 10 முறையான உரிமத்தோடு அதனுடனேயே வந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு முதியோர் உதவித்தொகை, பட்டா பெயர் மாற்றம், மகளிர் உரிமைத்தொகை மேல்முறையீடு என்று எங்கள் தெருவில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் அதில்தான் தட்டச்சு செய்து கொடுத்துவருகிறேன். மனுவோடு இணைக்க வேண்டிய ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்களும் அதிலேயே இருந்தன.

அக்டோபர் முதல் வாரத்தில் கணினியைத் திறந்தபோது திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்பது அதன் சாரம். பயந்துபோய் எப்போதும் போகும் கடைக்கு ஆட்டோவில் வைத்து எடுத்துச் சென்றேன். கடைத் தம்பி திரையைக்கூடப் பார்க்கவில்லை. “பதினாலாம் தேதி ராத்திரிக்கு மேல இது ஆன் ஆகாது டீச்சர். எல்லாரும் மாத்திட்டாங்க, நீங்கதான் லேட்டு” என்றார்.

இது பொய். ஆதரவு முடிவதென்றால் கணினி நின்றுவிடுவதன்று. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மாதந்தோறும் இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தத் தேதிக்குப் பிறகு தாமாக வரமாட்டா, அவ்வளவுதான். கணினி எப்போதும்போலத் திறக்கும், எழுதும், அச்சிடும். அதற்காக அப்படியே விட்டுவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளும், ஆதரவு முடிந்துபோன பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களும்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் அதை அன்று இரவுக்குள், அந்தக் கடையில், அவர் சொன்ன விலையில் செய்ய வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

அன்று எனக்கு அது தெரியாது. “ஒரிஜினல் விண்டோஸ் 11 போட்டுத் தரேன், லைஃப்டைம்” என்று அவர் வாட்ஸாப்பில் அனுப்பிய குரல்செய்தியை நம்பினேன். விண்டோஸ் 11-க்கு 3,500, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் 256 ஜிபி 2,400, ஆன்டிவைரஸ் 900, வேலைக்கூலி 700. இந்த நான்கையும் கடையின் பெயரோ முத்திரையோ இல்லாத ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். மொத்தத்தையும் கைப்பேசி வழியாகவே செலுத்தினேன். ரொக்கமாகக் கொடுக்காதது பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

13-ஆம் தேதி கணினி வீட்டுக்கு வந்தது. அன்று மாலையே பழைய மனு ஒன்றைத் திறந்தேன். பத்தாண்டுகளாக நான் தட்டச்சு செய்வது பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால்தான் தமிழ் தெரியும். இல்லையென்றால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே வந்துவிடும். திரையில் அப்படித்தான் வந்து நின்றன. மெய்யெழுத்தின் புள்ளி விழ வேண்டிய இடத்திலெல்லாம் ஓர் அரைப்புள்ளி. மேல்வீட்டு அம்மாளின் கணவர் இறந்த தேதி மட்டும் எண்களில் இருந்ததால் அப்படியே தெரிந்தது. அவர் பெயரை என்னால் படிக்க முடியவில்லை. எழுத்துருவை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்தான். ஆனால் தேடிப் பார்த்தபோது, முகப்புத் திரையில் இருந்த கோப்புகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, டி டிரைவில் இருந்த ‘மனுக்கள்’ கோப்புறையைத் தொடவே இல்லை என்பது தெரிந்தது. மறுநாள் காலையில் கடைக்குப் போய், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொடுங்கள் தம்பி என்று கேட்டேன். “அது எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு டீச்சர். பழசுதானே, அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?” என்றார். எக்ஸ்சேஞ்ச் என்ற சொல்லை அதற்குமுன் அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. துண்டுத்தாளில் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கழிக்கப்படவும் இல்லை.

இரண்டு மாதம் மனவருத்தத்தோடு அதையே பயன்படுத்தினேன். டிசம்பர் கடைசியில், என்னிடம் பத்தாம் வகுப்பு படித்து இப்போது மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் மாணவி வீட்டுக்கு வந்தாள். கணினியில் நான்கே இடங்களைத்தான் திறந்து பார்த்தாள். அந்த நான்கையும் நீங்களும் பார்க்கலாம் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் ஆக்டிவேஷன். ‘உங்கள் நிறுவனத்தின் செயல்படுத்தும் சேவை மூலம்’ விண்டோஸ் செயல்படுத்தப்பட்டுள்ளது என்ற பொருளில் அங்கே ஓர் ஆங்கில வரி இருந்தது. “எந்த நிறுவனம் டீச்சர் இது?” என்று கேட்டாள். வீட்டில் தனியாக இருக்கும் எனக்கு ஏது நிறுவனம்? பெரிய அலுவலகங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு மொத்தமாக உரிமம் வாங்கித் தங்கள் சர்வர் வழியாகச் செயல்படுத்திக்கொள்ளும் முறை அது. 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டாக வேண்டும். அந்த சர்வர்போல நடிக்கும் திருட்டு நிரல் ஒன்றை என் கணினியில் போட்டுவிட்டு 3,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

அடுத்து வைரஸ் பாதுகாப்பு. ஆன்டிவைரஸ் எதுவும் நிறுவப்படவே இல்லை. விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர்தான் இருந்தது. அதிலும், சோதிக்காமல் விட வேண்டியவற்றைக் குறிக்கும் விலக்குப் பட்டியலில், விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருந்தது. திருட்டு நிரலை டிஃபெண்டர் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக வீட்டின் கதவையே கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அதற்கு என்னிடமே 900 ரூபாய் வாங்கிக்கொண்டு.

மூன்றாவதாக, பிராசஸரின் பெயர். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகளோடு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் நிபந்தனை. என்னுடையது ஆறாம் தலைமுறை. தகுதிச் சோதனையை ஏமாற்றி நிறுவ வழிகள் உண்டு. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. இதைச் சொல்லி, முடிவை என்னிடம் விட்டிருக்க வேண்டியது கடைக்காரரின் கடமை.

கடைசியாக அவள் பார்த்தது பதிப்பு எண்ணை. என்னை மிகவும் வருத்தியது இதுதான். அவர்கள் ஏதோ பழைய பென் டிரைவிலிருந்து நிறுவியது விண்டோஸ் 11-இன் 23எச்2 பதிப்பு. வீட்டுக் கணினிகளில் இருக்கும் ஹோம், ப்ரோ வகைகளுக்கு அந்தப் பதிப்பின் ஆதரவு 2025 நவம்பர் 11-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. என் கைக்குக் கணினி வந்தது அக்டோபர் 13. ஆதரவு முடிகிறதென்று பயமுறுத்தி என்னை மாற வைத்தவர்கள், இருபத்தொன்பதே நாளில் ஆதரவு முடியும் ஒன்றை எனக்கு விற்றிருக்கிறார்கள். தகுதியில்லாத கணினி என்பதால் அடுத்த பதிப்பும் தானாக வந்து சேரவில்லை.

நான் விண்டோஸ் 10-லேயே இருந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று கேட்டேன். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘என்ரோல் நவ்’ என்று வரும் இணைப்பை அழுத்தினால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் நீட்டிப்புத் திட்டத்தில் சேரலாம் என்றாள். தனிப்பட்ட பயன்பாட்டுக் கணினிகளுக்கான திட்டம் இது. கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். நம் செட்டிங்ஸ் விவரங்களை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணமே இல்லை. அதில் விருப்பமில்லாதவர்கள் மைக்ரோசாஃப்ட் தன் பயனர்களுக்குப் பரிசாகத் தரும் ரிவார்ட்ஸ் புள்ளிகளில் 1,000-ஐயோ 30 டாலரையோ கொடுத்துச் சேரலாம். அக்டோபர் 14-ஐத் தவறவிட்டவர்களும் திட்டம் முடியும்வரை எப்போது வேண்டுமானாலும் சேரலாம். அதற்குப் பிறகும் இந்தக் கணினியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னாள். புதிய கணினி வைத்திருப்பவர்கள் மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவசச் செயலியால் தகுதியைச் சோதித்து, தகுதி இருந்தால் விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குப் பணமில்லாமலே மாறிக்கொள்ளலாம்.

அவள் அன்றே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் 10-ஐ நிறுவினாள். உரிம எண் எதையும் கேட்காமலே அது செயல்பட்டது. கணினியோடு வந்த பழைய உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருந்ததாம். நீட்டிப்புத் திட்டத்திலும் சேர்த்துவிட்டாள்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். பணம் செலுத்திய சான்றையும் துண்டுத்தாளின் படத்தையும் குரல்செய்தியையும் எடுத்து வைத்துக்கொண்டு, புகார் எண்ணைக் கடைக்காரருக்கு அனுப்பினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்பதையும் எழுதினேன். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கலாம். வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. மூன்றாம் நாள் விண்டோஸுக்கும் ஆன்டிவைரஸுக்கும் வாங்கிய 4,400 ரூபாய் என் கணக்குக்குத் திரும்பி வந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் வரவில்லை. யாரிடம் கொடுத்தார் என்பதைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை.

அதில் இருந்தவை என் பொருள்கள் அல்ல. மனுக்களின் அச்சுப் படிகளைப் புரட்டி, யார் யாருடைய நகல்கள் இருந்தன என்று பட்டியல் எடுத்தேன். இருபத்து மூன்று பேர். இரண்டு வாரமாக மாலை நேரங்களில் ஒவ்வொரு வீடாகப் போய் நடந்ததைச் சொல்லி, ஆதார் இணையதளத்தில் அவர்களுடைய கைரேகைப் பூட்டைப் போட்டு, யாராவது அவர்கள் ஆதாரைச் சரிபார்ப்புக்குப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்ற வரலாற்றையும் அவர்கள் எதிரிலேயே பார்த்துக் கொடுக்கிறேன். ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். இருபத்தொரு பேரைப் பார்த்தாகிவிட்டது. மற்ற இருவரும் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். என்னிடம் இருக்கும் கைப்பேசி எண்கள் இப்போது பயன்பாட்டில் இல்லை. பிளாக் எண்ணை அவர்களுடைய உறவினரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன்.