கிழிந்த ஸ்டீயரிங் பூட்: ரப்பரை மட்டும் மாற்றுவதா, பாகத்தையே மாற்றுவதா?

காரின் ஸ்டீயரிங் ரேக்கின் (ஸ்டீயரிங்கின் சுழற்சியை இடவல நகர்வாக மாற்றும் பாகம்) இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் ரப்பர் பூட் ஒன்றும், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் என்ற கம்பியின் சக்கரப் பக்க முனையான டை ராட் எண்டின் பால் ஜாயிண்டை (குழிக்குள் பந்து சுழலும் மூட்டு) மூடும் சிறிய பூட் ஒன்றும் இருக்கும். கிரீஸை உள்ளே காப்பதும் நீரையும் மணலையும் தடுப்பதும் இரண்டுக்கும் பொதுவான பணியே ஆயினும், கிழிந்தபின் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றல்ல.

ரேக் பூட்டுக்கு, ஒரே துண்டாக வார்த்தது, நீளவாக்கில் பிளந்திருப்பதைச் சுற்றிப் போட்டு ஒட்டுவது என இரு வகைகள் கிடைக்கின்றன. பிளந்த வகைக்கு டை ராட் எண்டைக் கழற்ற வேண்டியதில்லை; சக்கரக் கோணமும் கலையாது. ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த ஒட்டு இழுபடுகிறது. ஒட்டும்போது விளிம்பில் சிறிது கிரீஸ் பட்டிருந்தாலும் அது பிடிக்காது. பழைய கிரீஸ் படிந்த இடத்தில், வண்டிக்கு அடியில் படுத்தபடி அந்த விளிம்பைத் துளி எண்ணெய்ப் பசையின்றி வைத்திருப்பது எளிதன்று. ஆகவே அதை அவசரத்துக்கான தீர்வாகவே கருதுகிறேன்.

ஒரே துண்டு பூட்டைப் போட, வண்டியை ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றி, டை ராட் எண்டை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டின் இடத்தைக் குறித்துக்கொண்டு அதைத் தளர்த்தி, டை ராட் எண்டைச் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளிலிருந்து பிரித்து, எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணியபடி மரையிலிருந்து எடுக்க வேண்டும். அதே எண்ணிக்கையில் திரும்ப ஏற்றினால் வண்டியை ஓட்டிச் செல்லும் அளவுக்குக் கோணம் அமையும். எனினும் வீல் அலைன்மெண்ட் (சக்கரக் கோணச் சரிபார்ப்பு) பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது. இந்த உழைப்பு வீண் போகாது, ஏனெனில் பழைய பூட் வெளியே வந்ததும் டை ராடின் உட்புற ஜாயிண்டையும் ரேக்கின் தண்டையும் துருவுக்காகக் கண்ணால் பார்த்துவிட முடிகிறது. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில் பூட்டுக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் ரேக்கின் சீல் கசிகிறது என்று பொருள். அந்நிலையில் புது பூட் மட்டும் போடுவது பழுதை மூடி மறைப்பதே ஆகும்.

டை ராட் எண்டில் என் தீர்ப்பு நேர்மாறானது. அதன் பூட் மட்டும் தனியாகக் கிடைக்கும்; விலையும் குறைவு. ஆனால் சிறிய பந்தும் அதன் குழியும் மணலைத் தாங்குவதில்லை. உள்ளே அரைபட்ட பரப்பைப் புது கிரீஸ் மீட்டுத் தராது. வெடிப்பு மேலோட்டமாக இருந்து, கிரீஸ் சுத்தமாகவும் ஜாயிண்ட் தளர்வின்றியும் இருந்தால் மட்டும் பூட்டை மாற்றலாம். கிரீஸ் பழுப்பேறியிருந்தாலோ, தூக்கிய சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தாலோ முழு எண்டையும் மாற்றுவதே பாதுகாப்பு. இரு வழிகளுக்கும் எண்டைப் பிரிக்கும் வேலை ஒன்றேயாதலால் உழைப்பில் மிச்சம் ஏதுமில்லை. பழைய எண்டையே திரும்பப் பொருத்துவோர் முட்கரண்டி போன்ற பிரிப்பானைத் தவிர்த்து, திருகித் தள்ளும் புல்லரைப் பயன்படுத்துவது நல்லது. முன்னது நல்ல நிலையில் உள்ள ரப்பரையும் எளிதில் கிழித்துவிடும். நட் கழலாமல் தடுக்கும் கோட்டர் பின்னைப் புதிதாகவே போட வேண்டும்; துளை பொருந்தவில்லையெனில் நட்டைத் தளர்த்தாமல் மேலும் சிறிது இறுக்கியே பொருத்த வேண்டும்.

ரேக் பூட்டின் உட்புறக் கழுத்துக்கு உலோகக் கிளாம்பே ஏற்றது. வெளிக் கழுத்தில் டை ராடின் மேல் சிறிது சிலிகோன் கிரீஸ் தடவிவிட்டால், அலைன்மெண்டின்போது ராட் சுழல்கையில் பூட் முறுக்கிக்கொள்ளாது.